லெவல் ஆகிவிட்டது என்கிறாய்

அன்புள்ள என்று தொடங்கலாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். பெற்றுத் தொலைத்த பிறகு அதற்கெல்லாம் யோசிக்கக் கூடாதாம், உன் அப்பா சொல்கிறார். ஆகவே, அன்புள்ள மகனுக்கு. நேரில் பேசலாம் என்றால், நான் "உன் இடுப்பு" என்று ஆரம்பித்ததுமே அந்த வெள்ளைக் குமிழ்களைக் காதில் செருகிக்கொள்கிறாய். காலையில் பெங்களூர் ரயிலைப் பிடிக்க மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு ஓடுகிறாய். ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பதைவிட போனைத்தான் அதிகம் பார்க்கிறாய். அதனால் எழுதுகிறேன். மடித்து, உறையில் போட்டு, ரகசியமாகத் தலையணைக்கடியில் வைக்கப் போவதில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்போகிறேன். வருகிறவர் போகிறவர் படிக்கட்டும். நீயும் கிழித்துப் போடாமல் ரயிலுக்கு எடுத்துப்போய் உன் கூட்டாளிகளுக்கு உரக்கப் படித்துக் காட்டு. அந்த மேதாவிகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

விஷயம் சின்னது. தை மாதம் உனக்குக் கல்யாணம். உன் இடுப்பிலும் தொடை இடுக்கிலும், இப்போது கழுத்தின் பின்புறத்திலும் படை இருக்கிறது. அது ஒட்டிக்கொள்ளும் நோய். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற சௌமியாவிடம் நீ இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே, ஒரே டியூபில் ஐந்து மருந்து என்று பீற்றிக்கொள்ளும் அந்தக் களிம்பைத் தேய்த்துத் தேய்த்து மணமேடை வரைக்கும் ஒப்பேற்றிவிடலாம் என்று நினைக்கிறாய். ஒன்றுமறியாத ஒரு பெண்ணின் உடம்பு உன் திருட்டுத்தனத்துக்கு விலை கொடுக்கப் போகிறது. இதுதான் கடிதம். மீதியெல்லாம் என் வயிற்றெரிச்சல். அதையும் படிக்கத்தான் வேண்டும்.

மழைக்காலத்தில் வாஷிங் மெஷினுக்குள் உன் பேன்ட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்த அந்த டியூபை எடுத்தவள் நான்தான். மூடி கழன்று, உன் அப்பாவின் வேட்டியிலிருந்து என் ரவிக்கை வரைக்கும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. "இன்னாடா இது?" என்று கேட்டேன். "சும்மா அரிப்புக்கும்மா. மோகன் குடுத்தான்" என்றாய். காட்டு என்றால், "இன்னாம்மா நீ, நான் இன்னா சின்னப் பையனா?" என்று ஒரு முறைப்பு வேறு. ஒருவழியாகச் சட்டையைத் தூக்கிக் காட்டியபோது பார்த்தேன். பெல்ட் போடும் இடத்தைச் சுற்றி ஓரம் சிவந்து தடித்து, நடுவில் வெளுத்து, வட்டத்துக்குள் வட்டமாக இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டை ஈரத்தில் வைத்துப் பூஞ்சை வளர்த்துக் காட்டியே ரிட்டயர் ஆனவள் நான். அந்தச் சிரமமே தேவைப்பட்டிருக்காது, என் வீட்டிலேயே ஒரு தோட்டம் தழைத்துக் கிடந்திருக்கிறது.

டாக்டரிடம் போ என்றேன். நீ போகவில்லை. அந்த வாரக் கடைசியில் நீயாகவே வந்து சட்டையைத் தூக்கினாய். வட்டம் இல்லை, சிவப்பு இல்லை. தோல் வழவழவென்று, கொஞ்சம் அதிகமாகவே வெளுத்திருந்தது. ஏதோ ரேங்க் கார்டு காட்டுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய்: "பாரு, லெவல் ஆயிடுச்சு." மேலே பார்ப்பதற்குச் சமமாக இருந்தால் விஷயம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், உனக்கும் உன் ரயிலுக்கும். உன் ரயிலில் எல்லாமே லெவல் ஆகிவிடுகிறது. மேனேஜரோடு சண்டை லெவல், வயிற்றுப்போக்கு லெவல், படையும் லெவல். தங்கச் சுரங்க ஊரான இந்த மைசூர் மைன்ஸில் பிறந்து வளர்ந்த ஒருவன் வாயிலிருந்து அந்தச் சொல் அப்படி வந்ததைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

இந்த ஊரில் லெவல் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாமல் இல்லை. அது ஆழம். ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழியில், ஆட்களை ஏற்றிய கேஜ் கூண்டு இறங்க இறங்க, மேலிருந்து கீழாக எண் போட்டுக்கொண்டே போன சுரங்கத் தளங்கள்தான் லெவல். எண் பெரிதாக ஆக வெக்கை அதிகம், ஆபத்து அதிகம். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் உன் அப்பாவிடம் எந்த லெவலில் வேலை என்று கேட்டேன். "மேல் லெவல்தான், பயப்படாத" என்றார். நானும் நிம்மதியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். நீ பிறந்து நடை பழகிக்கொண்டிருந்த காலம். ஒரு மத்தியானம், ஷிஃப்ட் மாறாத நேரத்தில் சங்கு ஊதியது. அப்படி ஊதினால் உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். பக்கத்து வீட்டில் விட்டிருந்த உன்னையும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

ஷாஃப்ட் வாசலில் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். யாரும் அழவில்லை. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: "எந்த லெவலு? எந்த லெவலு?" லெவல் தெரிந்துவிட்டால் யார் வீட்டில் இழவு என்பது தெரிந்துவிடும். உள்ளேயிருந்து வந்த ஒருவர் ஒரு எண் சொன்னார். மிகவும் கீழே. நான் மூச்சை விட்டேன். நல்ல வேளை, நம் வீட்டுக்காரர் மேலே இருக்கிறார் என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னா டீச்சர் சொல்றீங்க? உங்க வூட்டுக்காரரும் எங்க வூட்டுக்காரரும் ஒரே கேங்குதான? கீழதான டீச்சர் இருக்காங்க." அந்த நிமிஷத்தை நான் யாருக்கும் விவரித்ததில்லை, உனக்கும் விவரிக்கப் போவதில்லை. கேஜ் மேலே வந்தது. உடம்பெல்லாம் சாம்பல் பூசின மாதிரி உன் அப்பா இறங்கி வந்தார். நான் தண்ணீர் கொடுக்கவில்லை, கட்டிப் பிடிக்கவில்லை. எந்த லெவல் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே உண்மையான எண்ணைச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தச் சுரங்கம் மூடும் வரைக்கும் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆக, லெவல் விஷயத்தில் பொய் சொல்வது உனக்குப் பரம்பரையாகவே வந்திருக்கிறது. ஆனால் அவர் என் தூக்கம் கெடக்கூடாது என்று பொய் சொன்னார். நீ உன் கல்யாணப் போட்டோ கெடக்கூடாது என்று பொய் சொல்கிறாய்.

கல்யாணப் புடவை எடுக்க உன்னோடு அந்த ரயிலில் ஒருநாள் வந்தேன், ஞாபகமிருக்கிறதா? அந்தப் பெட்டியில் அன்றைக்குப் பார்த்ததை என் எதிரிக்கும் காட்ட மாட்டேன். ஆளாளுக்கு ஒரு கம்பெனி அடையாள அட்டை கழுத்தில். விடிவதற்குள் குளித்து, ஈரம் காயாமல் இறுக்கமான ஜீன்ஸை மாட்டிக்கொண்டு, ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாகப் போய்ச் சேரும் வரைக்கும் எல்லோருக்கும் ஒரே வேலை. ஒருவன் பேன்ட் பாக்கெட்டுக்குள் கைவிட்டுச் சொறிகிறான். ஒருவன் சீட்டின் முனையில் முதுகைத் தேய்க்கிறான். சீட்டாட்டத்தில் தோற்றவன் துடைத்துக்கொண்ட துண்டையே ஜெயித்தவனும் வாங்கித் துடைத்துக்கொள்கிறான். பங்காருப்பேட்டை தாண்டியதும், உனக்கு டியூப் கொடுத்த அந்த மோகன் பையிலிருந்து டியூபை எடுத்தான். பிரசாதம் மாதிரி அது கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவரும் ஒரு விரலில் வாங்கிக்கொண்டு சட்டைக்குள் கையை விட்டார்கள். நீயும் விட்டாய், பெற்றவள் எதிரிலேயே.

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு மோகன்தான் வாயைத் திறந்தான். "ஆன்ட்டி, இது செம கிரீம். போட்டா மூணே நாளு, க்ளீன்." எவ்வளவு நாளாகப் போடுகிறாய் என்று கேட்டேன். "ரெண்டு வருசமா போட்டுக்கினுதான் இருக்கேன் ஆன்ட்டி" என்றான், பெருமையாக. அப்படியானால் போகவே இல்லையே அப்பா என்றேன். "இல்ல ஆன்ட்டி, போட்டா போயிடும். நிறுத்துனா வரும். திரும்பப் போட்டா திரும்பப் போயிடும். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கினா ஒண்ணுமே இல்ல." பெட்டியே தலையை ஆட்டியது. இத்தனை பேரும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு யாரோ வெள்ளைக்காரனின் கணக்கைச் சரிபார்க்கிறவர்கள். தன் இடுப்பில் நடக்கும் கணக்கு ஒருத்தனுக்கும் விளங்கவில்லை. மோகனைவிட உன்மேல்தான் எனக்குக் கோபம். அவன் வணிகவியல் படித்தவன். நீ என்னிடமே பூஞ்சைப் பாடம் படித்து, அதில் முழு மதிப்பெண்ணும் வாங்கியவன்.

மறந்துவிட்ட அந்தப் பாடத்தை இன்னொரு தடவை சொல்கிறேன். படர்தாமரை என்று இதற்கு யாரோ பெயர் வைத்தார்கள். தாமரையாம். உன் தோலின் மேல்மட்டத்தில் செத்துப்போன செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின்தான் அதிலும் இருக்கிறது. பெரும்பாலான ஜீவன்களுக்குப் பசி தீர்க்காத அந்தச் செத்த சரக்கைக் கரைத்துக் குடித்து வாழ்வதுதான் இந்தப் பூஞ்சை. நூல் நூலாக வளரும். ஒரு இடத்தைத் தின்று தீர்த்ததும் வெளிப்பக்கமாக நகரும், அதனால்தான் வட்டம். இதற்கு வீரமும் கிடையாது, விவேகமும் கிடையாது. ஈரமும் வெப்பமும் இறுக்கமான துணியும் கொடுக்கிற முட்டாள் ஒருவன் வேண்டும், அவ்வளவுதான். கீழ் லெவலில் வெந்து புழுங்கிய உன் அப்பாவுக்கும் வந்தது. மைன்ஸ் ஆஸ்பத்திரியில் ஒரு களிம்பு கொடுப்பார்கள். போட்டால் எரியும், தோல் உரியும், உரிகிற தோலோடு பூஞ்சையும் கொஞ்சம் போகும். அவருக்கு அது வேலை கொடுத்த கூலி. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் உனக்கு இது துண்டு கொடுத்த கூலி.

இப்போது மருந்துக்கு வருகிறேன். பூஞ்சையைக் கொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பாக்டீரியா நம்மிடமிருந்து வெகுதூரம் விலகிய ஜாதி. பூஞ்சை அப்படியில்லை, செல்லின் அமைப்பில் அது நமக்குக் கொஞ்சம் நெருங்கிய சொந்தம். உன்னைப் பார்க்கும்போது நான் அதை நம்புகிறேன். கண்ட விஷத்தையும் கொடுத்தால் அதோடு சேர்ந்து நம் செல்லும் சாகும். அதனால் அதனிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்து அடிக்க வேண்டும். ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. எதை உள்ளே விடுவது, எதை வெளியே விடுவது என்று தீர்மானிப்பது அதுதான். அந்தச் சவ்வு தொளதொளத்துப் போகாமல் இருக்க நம் செல்லில் கொலஸ்டிரால் இருக்கிறது. பூஞ்சையில் அதற்குப் பதிலாக எர்கோஸ்டிரால் என்று ஒன்று. சுரங்கத்தில் கூரை சரியாமல் மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்களே, அந்த வேலையை அது செய்கிறது. பூஞ்சை அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது, படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதியை வைத்துக்கொண்டு.

நல்ல மருந்து அந்தத் தயாரிப்பில்தான் கைவைக்கிறது. கடைசியில் நான் இழுத்துப்போய்க் காட்டிய டாக்டர் உனக்கு எழுதிக் கொடுத்தாரே, டெர்பினாஃபின், அது ஆரம்பப் படியிலேயே ஒரு நொதியின் வாயை அடைத்துவிடும். ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப் பொருளை அடுத்த பொருளாக மாற்ற வேண்டிய நொதி அது. அதை அடைத்தால் இரண்டு கேடு ஒரே நேரத்தில் வரும். முட்டு மரம் வருவது நின்றுபோகும். மாற்றப்படாத ஸ்குவாலீன் செல்லுக்குள்ளேயே தேங்கித் தேங்கி, துளித்துளியாகக் கூடி, சவ்வைக் குலைத்து அதுவே விஷமாகிவிடும். ஒருபக்கம் கூரை இறங்க, இன்னொரு பக்கம் உள்ளே குப்பை நிறைய, செல் செத்துப்போகும். 'அசோல்' என்று பெயர் முடிகிற மருந்துகள் அதே தயாரிப்பில் இன்னும் தள்ளி, வேறொரு படியில் அடிக்கும். எர்கோஸ்டிரால் இருக்க வேண்டிய இடத்தில் கோணல் மாணலான ஏதோ ஒன்று போய் உட்காரும். சவ்வு ஓட்டைப் பாத்திரமாகும், வளர்ச்சி நிற்கும். அந்த மருந்து பெரும்பாலும் உடனே கொல்லாது, தலையெடுக்க விடாமல் அமுக்கி வைக்கும். பழைய மருந்து ஒன்று உண்டு, க்ரீசியோஃபுல்வின். உன் அப்பா காலத்தில் மாதக் கணக்கில் விழுங்குவார்கள். அது சவ்வுக்கே போகாது. செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே இழுத்துப் பிரிக்கும் நுண்ணிய குழல்களைக் குலைத்துவிடும். பிரிய முடியாத செல் பெருக முடியாமல் நிற்கும்.

இதில் எந்த மருந்தும் பூஞ்சையை மூன்று நாளில் துடைத்து எறியாது. தோல் கீழிருந்து மேலே வளர்ந்து, பழையது உதிர்ந்து, பூஞ்சை குடியிருந்த அடுக்கு முழுவதும் வெளியேற வேண்டும். கண்ணுக்கு மறைந்த பிறகும் சில நூல்கள் உள்ளே உயிரோடு இருக்கும். அதனால்தான் மறைந்த பிறகும் சொன்ன காலம் வரைக்கும் போடச் சொல்கிறார்கள். பாதியில் நிறுத்துகிறவன் பலவீனமான நூல்களை மட்டும் கொன்றுவிட்டு, பலமானவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறான். அந்தப் பலமானவற்றில் சிலவற்றின் நொதி, மருந்து ஒட்டிக்கொள்ள முடியாதபடி கொஞ்சம் உருமாறியிருக்கும். பிறகு டெர்பினாஃபினைக் கிலோ கணக்கில் தின்றாலும் அது சட்டை செய்யாது. உன் பெட்டி முழுக்க அரைகுறையாகப் போட்டு அரைகுறையாக நிறுத்தியவர்கள்தான். தினமும் பெங்களூருக்கு அந்தப் பூஞ்சையை அழைத்துப்போய் நன்றாகத் தேற்றி அழைத்து வருகிறீர்கள்.

அந்த டியூபில் பூஞ்சை மருந்தும்தானே இருக்கிறது என்று கேட்பாய். இருக்கிறது, கல்யாண வீட்டுக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி. கூடவே பூஞ்சைக்குச் சம்பந்தமே இல்லாத பாக்டீரியா மருந்து. எல்லோருக்கும் தலைவனாக, மிகக் கடுமையான ஸ்டீராய்டு. அந்தச் சிவப்பையும் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்குவது பெரும்பாலும் பூஞ்சை இல்லை. திருடன் நுழைந்துவிட்டான் என்று உன் உடம்பு எழுப்புகிற கூச்சல் அது. ஸ்டீராய்டு பூஞ்சையின் ஒரு செல்லைக்கூடத் தொடுவதில்லை. கூச்சல் போடுகிறவனின் வாயைத்தான் அடைக்கிறது. மைன்ஸில் தங்கப்பாறை திருடுகிறவர்கள் முதலில் வாட்ச்மேனுக்குத்தான் சாராயம் வாங்கிக் கொடுப்பார்கள் என்று உன் அப்பா சொல்வார். வாட்ச்மேன் தூங்கினால் ஊர் அமைதியாகத்தான் இருக்கும். அந்த அமைதியைத்தான் நீ லெவல் என்கிறாய். மேலே தோல் வழவழப்பாக இருக்கும்போது, கேட்க ஆளில்லாத பூஞ்சை நாலாபக்கமும் பரவும், மயிர்க்காலின் குழி வழியாகக் கீழேயும் இறங்கும். கீழே இறங்கியது வெறும் பூச்சுக்கு அகப்படாது. தோலும் மெலிந்து, வரி வரியாகக் கிழிந்த தடம் விழும். அந்தத் தடம் பிறகு மறையாது. உன் இடுப்பில் இப்போதே விழுந்திருக்கிறது.

உன்னை இழுத்துக்கொண்டுதான் கோலாரில் தோல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா உன் இடுப்பைப் பார்த்துவிட்டு, "இது படைன்னே அடையாளம் தெரியாம பண்ணி வெச்சிருக்கீங்களே" என்றார். மாத்திரையும் பூச்சும் எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டை நிறுத்தினால் முதலில் பழையதைவிட மோசமாகச் சிவக்கும், பயந்துபோய் மறுபடி அந்த டியூபைத் தொடாதே என்று இரண்டு தடவை சொன்னார். துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு எல்லாம் தனி. வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். கடைசியாக, "கல்யாணம்னு சொல்றீங்க. அந்தப் பொண்ணுகிட்ட இப்பவே சொல்லிடுங்க. அவங்களுக்கும் இருந்தா சேர்ந்து பாக்கணும்" என்றார். நீ பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினாய். நான் நம்பினேன். இந்த வயதிலும் உன்னை நம்புகிறேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

டாக்டர் சொன்னபடியே சிவந்தது. நன்றாகச் சிவந்தது. தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் எழுந்து கூச்சல் போட்டான். உனக்கு அப்போதுதான் சயனைடு மேட்டில் சௌமியாவோடு ஜோடியாகப் போட்டோ எடுக்கும் வைபவம். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மணல் மேடு அது. எங்கள் ஆட்கள் அந்தப் புழுதியைத் தின்று இருமிச் செத்தார்கள். நீங்கள் அதன்மேல் ஏறி நின்று ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கிறீர்கள், ஒருவன் ட்ரோன் விடுகிறான். சரி, போகட்டும், அது உங்கள் காலம். அந்தப் போட்டோவில் கழுத்தின் வட்டம் தெரிந்துவிடுமே என்று மாத்திரையை நிறுத்திவிட்டு டியூபைத் தேடிப் போனாய் பார், அதற்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அலமாரிக்குப் பின்னால் மாத்திரை அட்டை பாதி தின்று கிடந்தது. எலி தின்றிருந்தால்கூட முழுசாகத் தின்றிருக்கும்.

அன்றைக்கு மேட்டில் காற்று அதிகம், சௌமியா குளிரில் நடுங்கினாள், நீ உன் ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டாய். வியர்வை ஊறிய, மாதக்கணக்கில் துவைக்காத ஜாக்கெட். அந்தப் போட்டோவைத்தான் அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கிறாய். எனக்கு அனுப்பியதில் இதயம் வேறு போட்டிருந்தாய்.

நேற்று மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தாள். உனக்குத் தெரியாது. ரவிக்கை அளவு கொடுக்கவென்று பங்காருப்பேட்டையிலிருந்து தனியாக வந்தாள். என் எதிரில் நின்று கையை நீட்டினாள். முழங்கை மடிப்பில் வழவழவென்று ஒரு வெளுப்பு. அதன் ஓரத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற, உடைந்த வளையல் மாதிரி ஒரு கோடு. டேப்பைக் கீழே வைத்தேன். "இன்னாம்மா இது?" என்றேன். "ஒண்ணுமில்ல அத்தை, வட்டமா அரிப்பு வந்துச்சி. அவரு ஒரு கிரீம் வாங்கிக் குடுத்தாரு. எவ்ளோ கேர் எடுக்குறாரு தெரியுமா அத்தை? இப்ப பாருங்க, லெவல் ஆயிடுச்சு." உன் சொல். உன் களிம்பு. சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அது வந்திருக்கிறது என்று தெரிந்தும், எங்கிருந்து வந்தது என்று தெரிந்தும், டாக்டர் தொடாதே என்று சொன்ன அதையே வாங்கி அவள் கையில் கொடுத்திருக்கிறாய். பூஞ்சையாவது செத்த தோலைத் தின்கிறது. நீ உயிரோடு இருக்கிற ஒருத்தியின் நம்பிக்கையைத் தின்றிருக்கிறாய். உன்னைப் பெற்ற வயிறு எரிகிறது என்பதை இதைவிட நாகரிகமாக எழுத எனக்கு வராது.

அவளை உட்கார வைத்து, டியூபை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினால் சிவக்கும், பயப்படாதே என்றேன். சனிக்கிழமை அதே டாக்டரிடம் நானே அவளை அழைத்துப்போகிறேன். "அவருக்கும் இருக்கா அத்தை?" என்று கேட்டாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது என்று சொன்னேன். அதிலேயே பாதி புரிந்துகொண்டுவிட்டாள், முட்டாள் இல்லை அவள். இனி கல்யாணம் தையில் நடப்பதோ மாசிக்குத் தள்ளிப்போவதோ, இல்லை நடக்காமலே போவதோ, அவள் கையில் இருக்கிறது. அவள் வேண்டாம் என்று சொன்னால் நான் உனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன். இதை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னேன். அவள் வீட்டார் யாரும் சுரங்கத்தில் இறங்கியவர்கள் இல்லை, லெவல் என்றால் சமம் என்றுதான் அவளுக்குத் தெரியும். அதனால் அந்த மத்தியானத்தை, சங்கை, வாசலில் நின்ற பெண்களை, உன் அப்பா சொன்ன பொய்யை எல்லாம் சொன்னேன். உன் அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார், டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு. கடைசியில் அவர்தான் அவளிடம் சொன்னார்: "அந்தக் கேள்வியக் கேளும்மா. அதக் கேட்டா பொய் சொல்ல வராது."

ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள். ஃப்ரிட்ஜிலிருந்து இதைக் கிழித்துவிட்டாலும் வருவாள். முன்கூடத்தில் எங்கள் இருவர் எதிரிலும் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "எந்த லெவல்?" உன் அப்பா அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னார். நீயும் வேண்டுமானால் தரையைப் பார்த்துக்கொள். ஆனால் சட்டையைக் கழற்றிவிட்டுச் சொல்.

அம்மா